பெருமாள்மலையில் முன்கூட்டி அடித்த மணி

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி, வத்தலக்குண்டு பஸ் நிலையம். கொடைக்கானலுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய் இருபது காசு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் கடைசி அது. அந்த மாதத்தில் யாரும் மலையேற மாட்டார்கள், அறுபது ரூபாய் அறை இருபத்தைந்துக்குக் கிடைக்கும் என்பது என் கெட்டிக்காரத்தனம். வங்கக் கடலில் புயல் என்று முந்தின நாள் ரேடியோவில் சொன்னார்கள். "புயல் நாகப்பட்டினத்துக்குப் போகுது, நாம கொடைக்கானலுக்குப் போறோம்" என்று என் மனைவி கமலத்துக்கு விளக்கினேன். திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்புகளை அதட்டி வந்தவன் நான். புயலும் கேட்கும் என்ற நினைப்பு.

கமலம் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். எட்டு மாதமாகவே என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். எங்கள் ஒரே மகள் வசந்தா கோயம்புத்தூரில் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். பத்திரிகை கொடுக்க இருவரும் வீடு தேடி வந்தபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கல்யாணத்துக்கு நானும் போகவில்லை, கமலத்தையும் போக விடவில்லை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் இந்த ஏரி பார்க்கும் ஏற்பாடு.

எட்டரை மணிக்கு, மலையேற்றம் தொடங்கும் காட் ரோட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டம்டம் பாறைக்கு மேல் மழை குறுக்காக அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் செம்மண் தண்ணீர் ரோட்டைக் கடந்து போயிற்று. டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, அதுவரை பாடிக்கொண்டிருந்த பாட்டையும் நிறுத்திவிட்டார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பதினொன்றேகாலுக்குப் பெருமாள்மலையில் வண்டி நின்றது. கொடைக்கானலுக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் இருந்தது.

"மேல ரோட்டையே காணோம் சார். கீழ நாம வந்த வழியில மண்ணு சரிஞ்சு கெடக்காம். இனி வண்டி அங்கிட்டும் போகாது, இங்கிட்டும் போகாது" என்றார் டிரைவர்.

"அப்ப என்னதான் செய்யறது?"

"டீ குடிங்க."

குடித்தோம். மூன்றாவது டீயின்போது குடையோடு ஒருவர் வந்தார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், பெயர் சவரிமுத்து. "பொம்பளையாள கூட்டிட்டு டீக்கடையில எப்படிங்க இருப்பீங்க? நம்ம வீட்டுக்கு வாங்க. நாளைக்கு எம் மகளுக்குக் கல்யாணம். சோத்துக்குக் குறைச்சல் இல்ல" என்றார். தன் குடையை என் மனைவிக்குப் பிடித்தபடி நனைந்துகொண்டே கூட நடந்தார். முன்பின் தெரியாதவர்களை இப்படி அழைத்துப்போகிற மனிதரை நான் திண்டுக்கல்லில் பார்த்ததில்லை. நானும் யாரையும் அப்படி அழைத்ததில்லை.

தகரக் கூரை வீடு. அன்று மாலை முழுக்கக் காற்று அந்தத் தகரத்தைப் பிடுங்கப் பார்த்தது. கொல்லையில் இரண்டு பேரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. மணப்பெண் ஸ்டெல்லா அடுப்படியில் எங்களுக்கு மிளகு ரசம் ஊற்றிக்கொண்டே நிலைமையைச் சொன்னாள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வார ஆகமன காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் முடியும்வரை இந்தப் பங்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை அந்தோணி ராணுவத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் மலையிறங்கி ரயிலைப் பிடித்தாக வேண்டும். அடுத்த லீவு எப்போதோ.

"நாளைக்கு விட்டா ஒரு வருசம் போயிரும்க்கா" என்றாள் கமலத்திடம்.

சனிக்கிழமை காலை ஐந்தரை. மழை தூறலாகிவிட்டது. வாத்தியார் கோணிச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"மாப்பிள்ளைக்கு ஊரு பெரியகுளம். ரோடு போயிருச்சுன்னா அடுக்கம் ஒத்தையடிப் பாதையிலதான் ஏறி வரணும். மழையில தடம் தெரியாது. வெள்ளனே இறங்கிக் கூட்டிட்டு வந்துர்றேன்."

"வேற யாராச்சும் போகட்டும்ப்பா" என்றாள் ஸ்டெல்லா. தாய் இறந்தபோது அவளுக்கு ஐந்து வயதாம். சமைத்துப் போட்டு, தலைபின்னி வளர்த்ததெல்லாம் இந்த மனிதர்தான்.

"மாப்பிள்ளை அழைக்கிறது எஞ் சோலி கண்ணு. வெரசா வந்துருவேன்."

காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். அடுக்கம் வழியாக அல்ல, நாங்கள் வந்த பஸ் ரோட்டின் வழியாக! கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி, பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு, கல்யாண உடுப்பு இருந்த டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமையே வத்தலக்குண்டு போய் பஸ் ஏறியிருக்கிறான். பஸ் வழியில் ஊத்து என்ற ஊரிலேயே நின்றுவிட, காப்பித் தோட்டத்துக் கிட்டங்கியில் தங்கிவிட்டு, சரிந்த மண்ணைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறான்.

"மாமா எங்க?" என்று கேட்டான்.

"உங்களக் கூப்பிடத்தான் போயிருக்காரு" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சங்கடமான பதிலை நான் சொன்னதில்லை.

பங்குச் சாமியார் நல்ல மனிதர். ஆனால் ஆறு மணி என்றால் ஆறு மணிதான். மழை மறுபடி பிடிக்குமுன் முடித்துவிடலாம் என்று ஊரார் சொன்னார்கள். ஸ்டெல்லா அசையவில்லை. "அப்பா கையப் புடிச்சுக் குடுக்காம நான் கோயிலுக்குள்ள வர மாட்டேன்" என்றாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "பெத்தவங்க இல்லாமலும் கல்யாணம் நடக்கத்தானேம்மா செய்யுது" என்று வாயை விட்டேன்.

கமலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நடக்கும். உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

வழி சொன்னவளும் அவள்தான். "கோயில் மணி அடுக்கம்வரைக்கும் கேட்குமா?"

"காத்து அடங்குனா கேக்கும்" என்றார் கோயில்பிள்ளை மிக்கேல். மணியடிப்பதும் விளக்கேற்றுவதும் அவர் வேலை. "எந்த மணிய அடிக்க? துக்க மணி அடிச்சா மனுசன் பாதையிலயே விழுந்துருவாரு."

"கல்யாணத்துக்குன்னு ஒரு மணி அடிப்பீங்கல்ல, அதையே அடிங்க. மாப்பிள்ளை வந்துட்டாருன்னு புரிஞ்சுக்குவாரு" என்றாள் கமலம்.

பன்னிரண்டு மணிக்கு மிக்கேல் இடைவிடாமல் பத்து நிமிடம் அடித்தார். பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அதற்குள் போய் விழுந்த மணியோசை யார் காதை எட்டியதோ தெரியாது. ஒரு விஷயம் அந்த அவசரத்தில் மிக்கேல் உட்பட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் கல்யாண மணி அடிப்பது தாலி ஏறிய பிறகுதான்.

இரண்டு மணி, மூன்று, நான்கு. வானம் வெளுத்தது. ஸ்டெல்லா சேலை மாற்றிக்கொண்டு கோயில் படியில் வந்து உட்கார்ந்தாள். அந்தோணி அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தான். சாமியார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். நான் கும்பிடுகிற சாமிகளோடு அவர்கள் சாமியையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

ஐந்து பத்துக்கு வாத்தியார் வந்தார். இடுப்புவரை சேறு, முழங்காலில் ரத்தம், கண் சிவந்திருந்தது.

"கட்டியாச்சுல்ல? மணி கேட்டுச்சு. ஒரு பொழுது பொறுக்க முடியலையா உங்களுக்கு?" என்று கத்தினார். மிக்கேல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஸ்டெல்லா எழுந்து ஓடிப் போய், வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இன்னும் கட்டலப்பா. உங்களுக்காகத்தான் மணி அடிச்சோம்."

அவர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியில் எனக்கென்று மடிப்புக் கலையாமல் ஒரு வேட்டி இருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து நானே அவருக்குக் கட்டிவிட்டேன். ஐந்து ஐம்பதுக்குத் தாலி ஏறியது. மிக்கேல் கல்யாண மணியை ஆசை தீர அடித்துவிட்டு, கயிற்றை விடாமலே ஆறு மணிக்கான மணியையும் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தோணி அதே டிரங்குப் பெட்டியோடு மலையிறங்கினான். வழியனுப்பிவிட்டுத் திரும்புகையில் வாத்தியார் என்னிடம் சொன்னார்: "அடுக்கத்துல ஓடை நிறைஞ்சு போகுது, தாண்ட முடியல. கரையில உக்காந்திருக்கேன், மணி கேக்குது. நான் இல்லாமயே முடிஞ்சிருச்சேன்னு அழுதுட்டேன் சார். கோவம்னா அப்படி ஒரு கோவம். அப்புறம் எந்திரிச்சுட்டேன். முடிஞ்சா என்ன? எம் புள்ள என்னையத் தேடுவால்ல?"

அவர் காயம்பட்ட காலை இழுத்து நடப்பதைப் பார்த்து என் நடையைச் சுருக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பழனி ரோடு மட்டும் திறந்தது. கொடைக்கானலைப் பார்க்காமலே திரும்பினோம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சேறு படிந்த வேட்டியைத் துவைத்துத் தருவதாக வாத்தியார் பிடிவாதம் பிடித்தார். அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாலசமுத்திரத்தில் வயலெல்லாம் தண்ணீர் நின்றது. பழனி பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. கமலம் பையோடு அதை நோக்கி நடந்தாள்.

"அது இல்ல. இங்க வா" என்று கூப்பிட்டுக் கோயம்புத்தூர் வண்டியைக் காட்டினேன். "விலாசம் தெரியுமா உனக்கு?"

கமலம் பையின் அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். மஞ்சள் தடவிய ஓரம் மழையில் ஊறியிருந்தது. பின்பக்கத்தில் வசந்தாவின் கையெழுத்தில் வீட்டு எண்ணும் தெருவும் இருந்தன. எட்டு மாதத்துக்கு முன்பு எனக்கு நீட்டப்பட்ட அதே பத்திரிகை. அன்று வாங்காத அதை இப்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.