கண் பரிசோதனையில் பாஸ்

சேக்காட்டில் என் மகள் படிக்கும் பள்ளியில் மருத்துவ அறை என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், சுவரில் கண் பரிசோதனை சார்ட். டாக்டர்கள் வரும் நாளில் மட்டும்தான் பூட்டைத் திறப்பார்கள்.

போன வருடம் அவர்கள் வருவதற்கு முந்தின நாள், வகுப்பு டீச்சர் அந்த சார்ட்டின் எழுத்துகளை வரி தவறாமல் பிள்ளைகளின் நோட்டில் எழுத வைத்தார். "நம்ம கிளாஸ்ல ஒருத்தரும் ஃபெயில் ஆகக் கூடாது" என்றாராம்.

சாயங்காலம் மகள் அந்த நோட்டை என்னிடம் நீட்டி, "இதுல கேள்வி கேளும்மா" என்றாள். கம்பெனியிலிருந்து வந்த களைப்போடு நானும் கேட்டேன், வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதுபோல. கடைசி வரியில் இரண்டு முறை தடுமாறினாள். திட்டினேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னாள்.

மறுநாள் டாக்டர்கள் அவள் மருத்துவ அட்டையில் பார்வை நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த வருடம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "அது இன்னா நம்பர் பஸ்ஸும்மா?" என்று கேட்டாள்.

"எதிர்லதானே கீது, படி."

"தெரியலம்மா. போன வருஷத்துலேர்ந்தே கிளாஸ் போர்டுகூட தெரியாது."

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"ஃபெயிலாயிட்டா நீ திட்டுவியே. அதான் மனப்பாடம் பண்ணிக்கினு போனேன்."

டீச்சரை நாலு கேள்வி கேட்க மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பள்ளி கேட் வரைக்கும்தான் போக முடிந்தது. அந்த நோட்டை வைத்துக் கேள்வி கேட்டுத் திட்டியது நான்தானே.