கொடிக்கு நான் பார்த்த வைத்தியம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவதில்லை. ஒருவர் அப்பா, மற்றவர் அண்ணா. அண்ணா வீட்டிலேயே இல்லை என்பதால் வந்துபோகிறவர்களுக்கு இது தெரியவில்லை.

பொறியியல் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு, நயாகரா பக்கம் போய்த் திராட்சை வளர்ப்புப் படிக்கப்போவதாக அண்ணா ஒரு ஜனவரி மாதம் சாப்பாட்டு மேசையில் சொன்னார். “தோட்டம் கொத்தவோ உன்னை இஞ்சை கொண்டந்தனான்?” என்று அப்பா கேட்டார். அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனவர்தான். அதன் பிறகு டிவி ரிமோட் முழுக்க என் கையில். அதற்காக முன்பு அவரைக் கடித்தும் இருக்கிறேன். இப்போது எந்தச் சானலிலும் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அம்மா சனிக்கிழமை தோறும் அவருடைய அறையை வாக்யூம் பண்ணிவிட்டுக் கதவைச் சாத்துவார். எனக்கு அண்ணா திரும்பி வரவேண்டும். அந்த வருடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை, பிறந்தநாளுக்குக்கூட.

ஜூன் மாதம் கொடிக்கு நோய் வந்தது. வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்பு இருந்த இத்தாலியக்காரர் வளர்த்த திராட்சைப் பந்தல் ஒன்று இருந்தது. அதன் கீழே கதிரை போட்டுத் தேநீர் குடிப்பதைத் தவிர அப்பா அதற்கு ஒரு உதவியும் செய்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலை ஒன்றைக் கிள்ளிவந்து என் முன்னால் வைத்தார். அரிசிமா தூவியதுபோல் வெள்ளையாக இருந்தது.

“உது என்ன வருத்தம் எண்டு கேள், பிள்ளை.”

“ஆரிட்டை?”

“தெரிஞ்ச ஆக்களிட்டை.”

எங்களுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். நான் அண்ணாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பவராக நின்றுகொண்டார்.

“உது பூஞ்சணம். இலை அடைச்சுக் கிடந்து காத்துப் போகாட்டில் வரும். அந்த இலையளைக் கிள்ளச் சொல்லு,” என்றார் அண்ணா.

“கிள்ளினால் கொடி பழுதாகாதோ எண்டு கேள்,” என்றார் அப்பா.

இருவர் சொல்வதும் இருவருக்கும் நன்றாகக் கேட்டது. ஆனாலும் நான் நடுவில் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். பூஞ்சணம் பிடித்த இலைகளைக் கிள்ளவேண்டும், ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் அடிக்கவேண்டும் என்று வைத்தியம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு, செப்பு முதுகு வண்டுகள் இலைகளை அரித்துச் சல்லடையாக்கியிருந்தன. அதற்கடுத்த ஞாயிறு, காய்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. அண்ணா படம் கேட்டார். அப்பா எடுத்த படத்தை அனுப்பினேன்.

“பெருவிரல்தான் வடிவாத் தெரியுது, காயைக் காணேல்லை,” என்று அண்ணா சிரித்தார். பிறகு, “விரலிலை என்ன காயம்?” என்றார்.

“வேலையிலை வெட்டினது. மாறியிட்டுது எண்டு சொல்லு.”

“மருந்து கட்டினவரோ எண்டு கேள்.”

அன்றைக்கு அரைமணித்தியாலம் பேசினோம். அப்பா இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் கொடிக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு இலையைக் கிள்ளவில்லை, ஒரு வண்டைத் தட்டவில்லை. “கேக்கிறதெல்லாம் வடிவாக் கேக்கிறார், ஒண்டும்தான் செய்யிறாரில்லை,” என்று அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணா சொன்ன வைத்தியம் பலித்தால் அவர் படிக்கும் படிப்பு நல்ல படிப்பு என்று அப்பா ஒத்துக்கொள்வார், உடனே வரச்சொல்வார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அது பலிக்கவேண்டுமானால் யாராவது செய்யவேண்டுமே!

பள்ளிக்கூட விடுமுறை. அப்பா விடியவே ஃபாக்டரிக்குப் போய்விடுவார். குளிரில் வண்டுகள் சோம்பிக் கிடக்கும் அந்த நேரத்தில் அவற்றைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டினேன். வெள்ளை பிடித்த இலைகளைக் கிள்ளினேன். கறுத்த காய்களைப் பொறுக்கிக் குப்பைப் பையில் கட்டினேன். பால் அடித்தேன். பால் பை ஏன் இவ்வளவு கெதியாக முடிகிறது என்று அம்மா குழம்பினார். நான் வளர்கிற பிள்ளை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்டில் புதிய இலைகள் மறுவின்றி வந்தன. ஞாயிற்றுக்கிழமை நான் போனோடு காத்திருந்தேன். அப்பா பந்தலுக்குக் கீழே போய், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

“அண்ணாவுக்கு எடுக்கட்டோ?”

“எடுத்து? என்னத்தைக் கேக்கிறது? ஒண்டும் இல்லையே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. மூன்றாம் ஞாயிறு அண்ணாவே என்னை அழைத்தார். அப்பா வெளியே இருந்தார்.

“கொடி எப்பிடி?”

“நல்ல சுகம், அண்ணா! நீங்கள் சொன்னதெல்லாம் நான் செய்தனான். இனி ஒருத்தரும் உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டினம்.”

“கெட்டிக்காரி,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் எங்கள் வீட்டுப் படி ஏற அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் கொடி நோயில்லாமல் காய்த்தது.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டுப் பின்வளவுக்கு ஓடினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பழங்கள் கறுத்துத் தொங்கின. அவர் ஒன்றையும் தொடவில்லை.

“தேடாதேங்கோ அப்பா, ஒரு புள்ளிகூட இல்லை. வருத்தமெல்லாம் நான்தான் மாத்தினனான்,” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். தலையைத் தடவிவிட்டார். பிறகு அடுத்த இலையைத் திருப்பினார். என் வேலையில் பிழை கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.