பச்சைக்கு மூன்று விநாடி முன்னால்

வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்துகொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். வேலை போவது புதிதல்ல.

சிக்னலில் சிவப்பு விளக்கின் எண் இறங்கி மூன்றுக்கு வரும்போதே வண்டியை எடுத்துவிடுவது அருவி சீசனுக்கு வேன் ஓட்டும் எங்கள் பழக்கம். அன்று காலை அப்படி எடுத்து, குறுக்கே வந்த சைக்கிள்காரரை இடித்துவிட்டேன். அவர் சிராய்ப்போடு எழுந்தார்; எனக்கு வேலை போனது. மெதுவாக வந்தது அவர் தப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதே சிக்னலை நடந்து கடக்கையில் பாதியில் செருப்பு வார் அறுந்தது. குனிந்து நிமிர்வதற்குள் பச்சை விழுந்து, எல்லா வண்டிகளும் ஒன்றாக உறுமின. பச்சைக்கு எதிரே நான் நின்றது அன்றுதான் முதல்முறை.

முன்னால் நின்ற தேங்காய் லாரி அசையவில்லை. அதன் டிரைவர், என் வயதில் பாதிதான் இருப்பான், கையை வெளியே நீட்டிப் பைக்குகளை மறித்தான்.

"ஏலே, என்னத்துக்கு ஹாரன் அடிக்க? அண்ணாச்சி நடக்காருல்லா" என்று பின்னால் பார்த்துச் சொன்னான். என்னிடம், "அவசரமில்ல, நீங்க பைய போங்க" என்றான்.

சிக்னல் தாண்டி அவன் டீ குடிக்க நிறுத்தினான். நான் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி, வேலை கேட்டேன்.

"மூணு செகண்டுல அப்படி எங்கன போய்ச் சேரணும் அண்ணாச்சி?" என்று சிரித்தான். "ஸ்டீயரிங் தரமாட்டேன். கிளீனரா வாரியளா?"

மறுநாள் காலை அச்சன்புதூரில் தேங்காய் ஏற்றி வந்தோம். சிக்னலில் பச்சை விழுந்தது. இடப்பக்கம் எட்டிப் பார்த்து, கடைசி ஆளும் கடந்த பிறகே "ரைட்" சொன்னேன். இப்போது அதுதான் என் வேலை.