வங்காள விரிகுடா, உபயம்

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வர வழியில்லாதபடி அதன்மேல் பேரை எழுதிவிடுவார்கள். பள்ளிவாசல் கடிகாரத்தில் மணி தெரிகிறதோ இல்லையோ, கொடுத்தவர் பேர் பளிச்சென்று தெரியும். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இந்தப் பேர்களையெல்லாம் முப்பத்தைந்து வருஷம் எழுதிக் கொடுத்தவர் பெயிண்டர் சாதுல்லா. எழுதி எழுதி, 'உபயம்' என்ற சொல்லைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும்.

அவர் விரும்பிச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடச் சுவர்களில் இந்தியப் படம் வரைவது. அதிலும் நிலத்தை ஏனோதானோவென்று முடித்துவிட்டுக் கடலுக்கு வந்துவிடுவார். வங்காள விரிகுடாவுக்கு மட்டும் மூன்று நீலம் கலப்பார். கரையோரம் வெளிறல், நடுவில் அடர்த்தி, கங்கை வந்து விழும் இடத்தில் சேற்று நிறம். பழவேற்காடு, கடலூர், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் எதையும் விடமாட்டார். சோழன் படை எந்தப் பக்கம் போனது, டச்சுக்காரன் எந்தத் துறையில் துணி ஏற்றினான், கார்த்திகையில் புயல் எங்கே கிளம்பி எங்கே திரும்பும் என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் பேசிக்கொண்டே பிரஷை ஓட்டுவார். எல்லைக்கு வெளியே இருந்தாலும் ரங்கூன் உண்டு. கடைசியாக, தீவே இல்லாத நடுக்கடலில் வெள்ளை பெயிண்டில் பட்டாணி அளவு ஒரு பொட்டு வைப்பார். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அது அவருடைய அம்மா ரம்ஜான் பீவி.

அத்தா மஜீத் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். அறுபத்துநாலில் அங்கே கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டு, வந்த வழியே போங்கள் என்று கப்பலேற்றி அனுப்பியது. சாதுல்லாவுக்கு எட்டு வயசு. அம்மா காய்ச்சலோடுதான் ஏறினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். கப்பலிலேயே குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுது, இரும்பைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். ஊருக்கு வந்து சேர்ந்து கொஞ்ச காலம் கழித்து, பள்ளிக்கூட அட்லஸை அத்தாவிடம் நீட்டி, அம்மா எங்கே இருக்கிறது என்று கேட்டார் சாதுல்லா. அத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்தமானுக்கும் சென்னைக்கும் நடுவில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த கபர். கல்லும் இல்லை, பேரும் இல்லை.

அதனால்தான் ஊரில் கோழிக்கடைக்காரர்களுக்கும் அவருக்கும் ஆகாது. கல்வராயன் மலையில் இறங்கும் கோமுகி மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்திக் குடல் மூட்டையை ஆற்றில் தள்ளுகிறவர்களைக் கண்டால், "அது எங்க போவுது தெரியுமாடா?" என்று கத்துவார். "கடலுக்குத்தான பாய் போவுது, போவட்டும்" என்று சிரிப்பார்கள். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

ரெண்டாயிரத்துப் பத்து வாக்கில் ரிஷிவந்தியம் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிச் சுவருக்குப் படம் வரையக் கூப்பிட்டார்கள். பதினோரு நாளில் முடித்தார். பன்னிரண்டாம் நாள் ஊராட்சித் தலைவர் தனசேகரன் பார்வையிட வந்தார். வெற்றிலைச் சாற்றை அந்தச் சுவரோரமே துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாய், இம்மாம் எடம் சும்மா கெடக்குது?"

"அது கடல் தலைவரே."

"கடல்தான், தெரியுது. அதான் சும்மா கெடக்குதுன்றேன். 'உபயம் தனசேகரன்'னு பெருசாப் போட்டுடு. நெலத்துல போட்டா எந்த மாநிலத்து மேல போட்டன்னு எவனாவது சண்டைக்கு வருவான். தண்ணியில போட்டா யாரு கேக்கப்போறான்?"

சுவரும் அரசாங்கத்துடையது, பெயிண்டும் அரசாங்கத்துடையது. இந்த மனிதர் கொடுத்தது அந்த வெற்றிலை எச்சில் மட்டும்தான்.

"முடியாதுங்க."

"ஏன்?"

"உங்கம்மாவ எங்க பொதச்சீங்க?"

"எங்க கெணத்து மேட்டுல. அதுக்கின்னா இப்ப?"

"நாளைக்கு வந்து அங்க எம்பேர எழுதிட்டுப் போவட்டுமா?"

தலைவர் முகம் கறுத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் சாதுல்லா அந்த வெள்ளைப் பொட்டைத் தொட்டுக் காட்டி, நாற்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். கப்பல், காய்ச்சல், இரும்பு, எல்லாம்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தனசேகரன் உருகிவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே, முன்னாடியே சொல்லக்கூடாதா பாய்? ஒண்ணு பண்ணு. எம்பேருக்குக் கீழ உங்கம்மா பேரையும் போட்டுக்க. சின்னதா. நான் இன்னா வேணான்னா சொல்லப்போறேன்?"

தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தட்டிய இடத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது சாதுல்லாவுக்கு. டப்பாக்களை மூடினார். பிரஷை மண்ணெண்ணெயில் கழுவிப் பையில் வைத்தார். சைக்கிள்வரை போனவர் நின்றுவிட்டார். வட்டாரத்து வெட்டிப்பயல்கள் பேரையெல்லாம் எழுதிய கை அது. அம்மா பேரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. எழுத ஓர் இடம் இருந்ததில்லை. இப்போது ஓர் இடம் கொடுக்கிறான், எச்சில் துப்பியவன் கொடுக்கிறான். சீ என்று இருந்தது. சீ என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பி வந்து டப்பாவைத் திறந்தார்.

தலைவர் பேர் ஓரடி உயரம். ஒரிசாவுக்கு எதிரே தொடங்கி அந்தமான்வரை போனது. அதன் கீழே நாலு விரல் உயரத்தில் ரம்ஜான் பீவி. வேண்டுமென்றே கோணலாக எழுதலாம் என்று பார்த்தார். கை கேட்கவில்லை. இரண்டு பேர்களுமே அச்சாக வந்துவிட்டன.

திறப்பு விழா அன்று பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியை பெரியநாயகி நல்ல மனசோடு வந்து கேட்டார்.

"பாய், உபயத்துல ரம்ஜான் பீவின்னு இருக்குதே, அந்தம்மா யாருங்க? இன்னா குடுத்தாங்கன்னு சொன்னீங்கன்னா மைக்ல நன்றி சொல்லிடுவேன்."

அதற்குள் மேடையிலிருந்த தனசேகரன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது நம்ம பாயோட அம்மாங்க! பர்மாலேருந்து வரசொல்லோ செத்துப்பூட்டாங்களாம், கடல்லியே போட்டுட்டாங்களாம். பாவம்! அவங்க பேரையும் போடச் சொல்லி நான்தான் சொன்னேன்."

கூட்டம் கைதட்டியது. தலைவரின் பெரிய மனசைப் பாராட்டி ஒருத்தன் விசிலடித்தான். "பாய், எழுந்து நில்லு, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் தனசேகரன்.

சாதுல்லா எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.