யெனி விழுந்த குளிர்காலம்

போன சனிக்கிழமை கோல்டிங் நகரில் ஒரு கடையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். சூடேறிய இரும்பின் வாசம் மூக்கில் பட்டதும், வாங்க வந்த சாமானை மறந்து நின்றுவிட்டேன். என் தங்கை யெனியின் சறுக்குக் காலணிகளின் இரும்புத் தகடுகளைத் தீட்டும்போது வரும் அதே வாசம்.

அப்போது டென்மார்க்கில் விபோர்க்குக்குப் பக்கத்துச் சிறிய நகரம் ஒன்றில் இருந்தோம். பகலில் எனக்கு யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பின்னேரங்களில் பனிக்கட்டித் தரையில் சறுக்கும் மண்டபத்துக்குப் போய் யெனியின் காலணித் தகடுகளைத் தீட்டிக் கொடுப்பேன். பனியில் ஏறி நிற்க மட்டும் எனக்கு வராது. உங்களுக்குச் சிரிப்பு வரும், ஒரேயொரு முறை முயன்று முன்பல்லில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவளோ பதினேழு வயதில் டென்மார்க்கின் சாம்பியன். மன்னாரிலிருந்து வந்த அம்மா, குளிரென்றால் வீட்டைவிட்டே இறங்காதவர், அவள் வென்ற அன்று மண்டபத்து வாங்கில் உட்கார்ந்து கைதட்டியதில் செபமாலை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அடுத்த குளிர்காலம் ஐரோப்பியப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. தீட்டிய காலணிகளை வாங்கிக்கொண்டே யெனி சொன்னாள்: "இடுப்பு நோகுது அண்ணை. திரும்பிப் படுக்கேலாமக் கிடக்கு. அம்மாட்டச் சொல்லாதேங்கோ."

"போட்டி முடியட்டும். பிறகு டொக்டரிட்டப் போவம்" என்றேன்.

அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். தொழிற்சாலையில் எல்லோரும் என்னைச் சாம்பியனின் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், பயிற்சியில் தாவி விழுந்தவள் எழும்பவில்லை. இரண்டு சத்திரசிகிச்சைகள் செய்தும் இடுப்பு பழைய நிலைக்கு வரவில்லை. அதன்பிறகு அவள் பனியில் கால் வைக்கவேயில்லை.

அவள் ஆசுபத்திரியில் கிடந்த மூன்றாம் நாள் அம்மா என்னிடம் கேட்டார்: "உனக்கு முதலே தெரியுமோ தம்பி?"

"இல்லையம்மா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டார்.

அம்மா பிறகு பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தார். அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவரது அடக்கம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது யெனி மெல்லச் சொன்னாள்: "அம்மாவுக்கு எல்லாம் தெரியும் அண்ணை. ஆசுபத்திரியில முதல் நாளே நான் சொல்லிப்போட்டன். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவ."

யெனி இப்போது ஸ்கீவ நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். படியேறும்போது கைப்பிடியை விடுவதில்லை. மண்டபத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் நானும் காரை அங்கேதான் விடுகிறேன். அந்தப் பன்னிரண்டு வருடமும் ஞாயிறு தவறாமல் அம்மாவின் மேசையில் இருந்து சாப்பிட்டேன். அவர் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இனி நான் சொன்னாலும் கேட்க ஆளில்லை.