திலகவதி வாங்கிய மடக்குக் கத்தி

நூறு ஒட்டுக்கன்றில் முப்பத்தெட்டுதான் பிழைத்தது. மீதி அறுபத்திரண்டும் கருகிய குச்சிகளாகப் பைகளில் நின்றன. துரைராஜ் மேஸ்திரி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திலகவதியின் காலடியில் போட்டார். கோபமாகப் போடவில்லை. கோபமாகப் போட்டிருந்தால் எதிர்த்துப் பேச ஒரு வழி இருந்திருக்கும்.

“இன்னும் ஒரு நூறு தரேன், திலகா. அதுல அறுவது புடிக்கணும். புடிக்கலன்னா பழையபடி மண்ணு ரொப்பற பக்கம் போயிடு. மொதலாளிக்கு நான் பதில் சொல்லணும்ல.”

“சரிங்க மேஸ்திரி.”

“நொட்டாங்கைல வெட்டுனா இப்பிடித்தான் ஆவும். கைய மாத்து மாத்துன்னு எத்தினி நாளா சொல்லிகினு இருக்கேன்.”

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டியதும் வரும் அந்தத் தனியார் நர்சரியில் முந்திரி ஒட்டுக்கன்றுதான் முக்கிய வியாபாரம். ஒட்டுக் கட்டுவது பார்க்க எளிது. விதையிலிருந்து வந்த இரண்டு மாத நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். நன்றாகக் காய்க்கும் தாய் மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி, ஆப்பு மாதிரி ஆக்கி, அந்தப் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். வெட்டிய முகங்கள் இடைவெளி இல்லாமல் படிந்தால் மூன்று நான்கு வாரத்தில் துளிர் வரும். படியாவிட்டால் குச்சி காயும். இதில் சமாதானம் சொல்ல இடமில்லை.

திலகவதிக்கு முப்பத்தாறு வயது. அவள் அப்பா கம்மாபுரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சுரங்கத்துக்கு நிலம் கேட்டு வந்தபோது, நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பேசுவதற்கு ஏதாவது இருந்தது. அதில் கூலி வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. அவள் கணவன் செங்குட்டுவன் மைன்ஸில் பதினைந்து வருடமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவள் எட்டு வருடம் நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்பினாள். மண் நிரப்புகிறவர்களை மேஸ்திரி எண்ணிக்கை சொல்லிக் கூப்பிடுவார்: “நாலு பேரு வாங்க.” ஒட்டுக் கட்டும் மேடையில் உட்கார்ந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவள் அந்த மேடைக்கு வந்திருந்தாள். திரும்பிப் போவதில்லை என்று, செத்த குச்சிகளைப் பொறுக்கும்போதே முடிவு செய்துகொண்டாள்.

அந்தக் குச்சிகளை அவள் குப்பையில் போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நாடாவைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே குறை. ஆப்பு மேலும் கீழும் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது; நடுவில் தொடவில்லை. சீவிய முகம் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி கோடாகத் தெரிந்தது.

கை தவறினால் ஒரு தடவை இப்படி வரும், ஒரு தடவை அப்படி வரும். அறுபத்திரண்டு தடவை ஒரே மாதிரி தவறுமா?

பக்கத்தில் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்த கமலாவிடம் ஒரு சவரப் பிளேடு வாங்கினாள். நாடா அறுக்க எல்லோரும் வைத்திருப்பதுதான். அதே இடக்கையால் ஒரு பச்சைக் குச்சியைச் சீவினாள். முகம் பலகை மாதிரி தட்டையாக வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் பிளேடு வளைந்து படக்கென்று உடைந்தது.

“ஏ, என் பிளேடு!” என்றாள் கமலா.

“நாளைக்கி வாங்கித் தரேன்க்கா. இதப் பாரு. கை சரியாத்தான் இருக்குது.”

“அப்பறம் என்னா, கத்தியா சரியில்ல? அதே கத்தியிலதான நானும் வெட்டறேன். எனக்குத் தொண்ணூறு புடிக்குது.”

திலகவதி நர்சரியின் ஒட்டுக் கத்தியை எடுத்து விரலால் இரண்டு பக்கமும் தடவினாள். ஒரு பக்கம் மழமழவென்று தட்டை. மறு பக்கத்தில் மட்டும் விளிம்பை நோக்கிச் சரிவு. கமலாவைப் பிடிக்கச் சொன்னாள். கமலாவின் வலக்கையில் தட்டைப் பக்கம் குச்சிமேல் படிந்தது. இவள் கையில் சரிவுப் பக்கம் படிந்தது. உள்ளே இறங்கிய கத்தி சரிவில் ஏறி வெளியே வந்துவிடுகிறது. நடுவில் குழி விழுகிறது. மூன்று மாதமாக அவள் வாங்கிய வசவு எல்லாம் இதனால்தான்.

ஒரு பொருள் யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவருக்கு அதில் ஒரு பக்கச் சாய்வு இருப்பதே தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியவில்லை. அவள் காட்டிய பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“இருவது வருஷமா இந்தக் கத்திதான். கைய மாத்தறத வுட்டுட்டு கத்திய மாத்தச் சொல்றியா?”

“ஒரு கத்திய மட்டும் அந்தப் பக்கம் சாண புடிச்சிக்கட்டுங்களா?”

“பொதுக் கத்திம்மா அது. உனக்குப் புடிச்சிட்டா மத்தவங்க எதுல வெட்டுவாங்க?”

அவர் சொன்னதில் பிழையில்லை. பொதுக் கத்தியில் அவள் கை சேர்த்தி இல்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை செங்குட்டுவன் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னாள். தனக்கென்று ஒரு கத்தி வேண்டும். மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும். நர்சரியில் புடவைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறாள். அந்தப் பையில் திறந்த கத்தியை வைத்துக்கொண்டு குனிந்து நிமிர முடியாது. அலகு இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிந்திருக்க வேண்டும். அறுநூறு ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

“பாக்கவும் லட்சணமா இருக்கணும்” என்றாள் கடைசியாக.

“கத்திக்கு என்னாடி லட்சணம்? பொண்ணா பாக்கப் போற?”

“வருஷம் பூரா என் கையில இருக்கப் போவுது. உன்னப் பாக்கறதவிட அதத்தான் அதிகம் பாக்கப் போறேன்.”

அவன் சிரித்துவிட்டு, “அப்ப என்னவிட லட்சணமா வாங்கிகினு வா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பண்ருட்டிக்குப் போனாள். மார்க்கெட்டை ஒட்டி தனகோடி என்ற அம்மாள் வைத்திருந்த இரும்புச் சாமான் கடை அப்போதுதான் திறந்திருந்தது. பலாப்பழக் கத்தி, அரிவாள், சுத்தியல் எல்லாம் வாசலிலேயே தொங்கின. மடக்குக் கத்திகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன.

தனகோடியம்மாள் முதலில் எடுத்து வைத்தது சிவப்புப் பிடி போட்டது. பிடியில் பொன் நிறக் கொடி வேலைப்பாடு. பார்த்ததும் திலகவதிக்கு அதன்மேல் மனம் போய்விட்டது. கையை நீட்டினாள்.

“இன்னும் போணிகூட ஆவலம்மா. சோத்தாங்கையால எடு.”

“காசு சோத்தாங்கையால குடுக்கறேங்க. வெட்டப் போறது இந்தக் கைதான். இதுக்குச் சரியா வருதான்னுதான் பாக்க வந்தேன்.”

அந்த அம்மாள் ஒரு நிமிடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “சரி, எடு” என்றாள்.

திலகவதி கத்தியைத் திறந்து, அலகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பக்கவாட்டில் அசைத்தாள். ஆடியது. இத்தனைக்கும் புதுக் கத்தி. அழகு பொய் சொல்லும் என்பதற்கு அந்தச் சிவப்புப் பிடியே போதும். அதை மனசில்லாமல் கீழே வைத்தாள்.

இரண்டாவது, பட்டனை அழுத்தினால் துள்ளித் திறப்பது.

“பசங்க இதத்தான் கேட்டு வாங்கறாங்க.”

“என்னா செய்வாங்க இத வெச்சிகினு?”

“தொறந்து தொறந்து மூடுவாங்க” என்றாள் தனகோடியம்மாள். இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாவது கனமானது. அலகு துளி அசையவில்லை. திறந்ததும் பூட்டு கடக்கென்று விழுந்தது. அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தாள், மடங்கவில்லை. இதுதான் என்று நினைத்தாள். பையிலிருந்து ஈரத்துணியைப் பிரித்து, ஒரு கை முந்திரிக் குச்சிகளை மேசைமேல் வைத்தாள்.

“என்னாம்மா இது! கடைக்குள்ள தோப்பையே கொண்டாந்துட்ட?”

“குப்பைய நானே கூட்டிடறேங்க.”

குச்சியைச் சீவினாள். அலகு பாதி தூரம் போவதற்குள் குச்சி விண்டுபோனது. இன்னும் ஐந்து எடுத்தாள்; அவையும் அப்படியே. முதுகுப் பக்கம் அவ்வளவு தடிமன். அது வெட்டவில்லை, பிளந்தது. உறுதி என்பது கனம் இல்லை என்று அந்தக் கடையில் அவளுக்குப் புரிந்தது. புரிவதற்கு ஆறு குச்சி செலவானது.

“மெல்லிசா வேணுங்க. ஆனா ஆடக் கூடாது.”

“ரெண்டும் சேந்து வேணும்னா காசும் சேந்துதான் வேணும்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். கருஞ்சிவப்பு மரப்பிடி. மூன்று பித்தளை ஆணி. மெல்லிய, நேரான அலகு. வேலைப்பாடு எதுவும் இல்லை. மரமும் பித்தளையும் சந்திக்கும் இடத்தில் திலகவதி நகத்தை ஓட்டினாள். நகம் எங்கும் மாட்டவில்லை. மூடியபோது அலகு பிடிக்குள் சத்தமில்லாமல் அடங்கியது. திறக்கத்தான் கொஞ்சம் இறுக்கம். அதைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கமும் விரலால் தடவினாள். இரண்டிலும் ஒரே சரிவு. ஒரு குச்சியைச் சீவினாள். மறு பக்கம் திருப்பிச் சீவினாள். இன்னொரு குச்சியின் நுனியைப் பிளந்து ஆப்பை உள்ளே செருகி, வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் வரவில்லை.

சந்தேகம் தீரவில்லை. இன்னும் நான்கு குச்சி சீவினாள். நான்காவதில்தான் அவள் முகம் தளர்ந்தது.

“எவ்ளோங்க?”

“எழுநூத்தம்பது.”

“அறுநூறுதாங்க வெச்சிருக்கேன்.”

“அறுநூறுக்கு அந்தக் கனமானத எடுத்துகினு போ.”

“அதுல வெட்டுனா என்னை மண்ணு ரொப்ப அனுப்பிடுவாங்க” என்றாள் திலகவதி. நூறு ஒட்டையும் அறுபது கணக்கையும் சுருக்கமாகச் சொன்னாள். கெஞ்சவில்லை. கத்தியை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

தனகோடியம்மாள் மேசைமேல் கிடந்த சீவல்களை ஒரு கையால் ஒதுக்கினாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள். காகிதம் மாதிரி ஒரே சீராக இருந்தது.

“அறுநூத்தம்பது. அதுக்குக் கீழ கேக்காத. எங்க வூட்டுக்காரரு இருந்தா எழுநூறுக்கே குடுத்திருக்க மாட்டாரு.”

வழிச்செலவுக் காசில் ஐம்பதைச் சேர்த்ததும், திரும்புகிற பஸ்ஸுக்கு மட்டும் சரியாக நின்றது. டீ குடிக்கத்தான் மிச்சமில்லை. வலக்கையால் பணத்தைக் கொடுத்தாள். சொன்னபடி கடையைக் கூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் நூறு நாற்றுகளைத் தனியாக வரிசை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் வெள்ளை நாடா சுற்றினார்கள். இவள் கறுப்பு நாடா கேட்டு வாங்கினாள். பிறகு ஒன்று இன்னொன்றோடு கலந்துபோயிற்று என்று யாரும் சொல்லக் கூடாது. பத்து ஒட்டுக்கு ஒரு தடவை கத்தியைக் கல்லில் தேய்த்தாள். ஒரு நாளில் கமலா இருநூறு கட்டுகிற இடத்தில் அவள் ஐம்பதுதான் கட்டினாள்.

“இந்த வேகத்துல போனா முந்திரி காய்ச்சே போயிடும்” என்றாள் கமலா.

“புடிக்கட்டும்க்கா. வேகம் அப்பறம் வரும்.”

இருபத்தெட்டாம் நாள் மேஸ்திரி கறுப்பு நாடா வரிசையில் குந்தி உட்கார்ந்து எண்ணினார். துளிர் விட்ட பைகள் அறுபத்தேழு. எழுந்து போய் மறு கோடியிலிருந்து திரும்ப எண்ணினார். அறுபத்தேழுதான்.

“இந்த வாட்டி காத்து ஈரமா இருந்துச்சு. அதுவும் ஒரு காரணம்” என்றார்.

“என் வரிசையில மட்டுமா மேஸ்திரி ஈரமா இருந்துச்சு?”

கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். கத்தியைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. கத்தி பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டால் மூன்று மாதம் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் வர எல்லோராலும் முடியாது.

“அறுவது கேட்டேன், குடுத்துட்ட. மேடையிலயே இரு” என்றார். பிறகு, விட மனமில்லாமல், “அந்த முப்பத்துமூணு ஏன் போச்சு?” என்றார்.

“பதினொண்ணுல நாடா தளர்ந்துபோச்சுங்க. அது என் தப்பு. மீதி இன்னும் தெரியல.”

“தெரியலன்னா?”

“பிரிச்சிப் பாத்துகினுதாங்க இருக்கேன்.”

மேஸ்திரி அடுத்த இருநூறு நாற்றுகளை அவள் பக்கம் இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். நாற்று வண்டி வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. திலகவதி காய்ந்த குச்சிகளில் பன்னிரண்டாவதை எடுத்து மடியில் வைத்து, கறுப்பு நாடாவை நுனியிலிருந்து மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினாள்.