உட்காரும் உத்தியோகம்

என் பெரியப்பாவின் உத்தியோகத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: உட்காருவது. ஒரு மரச்சாமான் கடையில் விற்பனையாளர் அவர். நாற்காலி வாங்க வருகிறவர்கள் முதலில் அதை ஆட்டிப் பார்ப்பார்கள், பிறகு உதட்டைப் பிதுக்குவார்கள். உடனே முதலாளி உள்பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் வாங்க" என்பார். அலமாரிகளுக்கு நடுவிலிருந்து பெரியப்பா பக்கவாட்டில் நடந்து வெளியே வருவார். அவரைப் பார்த்ததுமே வந்தவருக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதி, அவர் நாற்காலியில் பொத்தென்று விழும்போது தீரும்.

"நானே உட்கார்ந்துட்டேன். இனிமே உங்களுக்கு என்னங்க கவலை?"

பின்பக்கப் பட்டறைத் தச்சர் அவருக்கு 'எடைக்கல்' என்று பெயர் வைத்திருந்தார். பெரியப்பாவுக்கு அதில் கோபமே கிடையாது. சட்டைப் பையில் அந்தப் பெயரைத் தைத்துக் கொடுத்தால்கூடப் போட்டுக்கொண்டிருப்பார். நான் பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். மாலையில் கடைக்குப் போய் தமிழிலும் ஆங்கிலத்திலும் விலைச்சீட்டு எழுதுவேன். அதனால் வீட்டுக் கூத்தும் தெரியும், கடைக் கூத்தும் தெரியும்.

பெரியப்பாவின் முழங்கால்கள் முதலில் மக்கர் செய்தன. பிறகு சர்க்கரை ஏறியது. குறட்டையைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர் முதலில் ஜாடையாகவும் பிறகு சுவரில் தட்டியும் பேசினார். வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்களாம், மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவுதானாம். பெரியப்பா மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். கத்திக்குத்தான் பயப்படுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் உண்மை வெளியே வந்தது.

"நான் இளைச்சிட்டா கடையில யாரு உட்காருவா? என்னை எதுக்கு வெச்சிருக்கப் போறாங்க?"

"முதல்ல நீங்க ஒழுங்கா எழுந்து நில்லுங்க. உட்கார்றதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் பெரியம்மா.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆரம்பத்தில் வெறும் நீராகாரம். வடிகட்டிய சூப்பை மருந்து ஊற்றும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிப் பெரியம்மா நீட்டினார். பெரியப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது குடிக்கிறதுக்கா, கண்ணுல விட்டுக்கிறதுக்கா?"

அதைக்கூட ஒரே மடக்காகக் குடிக்கக்கூடாது, சொட்டுச் சொட்டாக உறிஞ்ச வேண்டும். பிறகு மசித்த உணவு. அதற்கும் பிறகு முட்டை, மீன், வெந்த காய். ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். ஆனால் பெரியப்பாவை உட்கார வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒப்பிக்கச் சொன்னார். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. கூழாகும்வரை மெல்ல வேண்டும். வாயில் உணவு இருக்கும்போது பேசக்கூடாது. போதும் என்று வயிறு சொன்னதும் நிறுத்திவிட வேண்டும்.

"வயிறு எப்படிம்மா சொல்லும்? இத்தனை வருஷத்துல அது ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லையே" என்றார் பெரியப்பா.

சொன்னது. தும்மலாகச் சொன்னது. வயிறு நிறைந்ததும் அவருக்கு ஒரு தும்மல் வரும். இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு என்று ஆலோசகரும் சொன்னார். நாலு கரண்டி முட்டை, அச்! அவ்வளவுதான், பெரியம்மா தட்டை எடுத்துவிடுவார். "இது சாப்பாட்டுத் தும்மல் இல்ல, தூசித் தும்மல்" என்று பெரியப்பா எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். அப்பீலுக்கு இடமில்லை.

மெல்லும்போது பேசக்கூடாது என்ற விதிதான் வீட்டையே தலைகீழாக்கியது. கேள்வி கேட்டால் விரலைத் தூக்கி 'இரு' என்பார். அவர் மென்று விழுங்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

"மாடியில துணி காய்ஞ்சுதே, எடுத்தீங்களா?" என்று பெரியம்மா கேட்பார். விரல் உயரும். இவர் மெல்வார். அதற்குள் தொலைபேசியில் மகள் வந்துவிடுவாள். "உங்க மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு கேளுங்க" என்று பெரியம்மா கருவியை இவர் பக்கம் திருப்பவும், இவர் விழுங்கிவிட்டு, "எல்லாம் மழையில நனைஞ்சு போச்சு" என்பார்.

பெரியம்மாவுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அவர் கை பழைய அளவிலேயே சமைத்தது. பெரியப்பா வேலைக்குத் திரும்பியபோது, அவருடைய நாலு அடுக்கு டிபன் கேரியரும் கூடவே திரும்பியது. "கொஞ்சமா ஆக்கினா ருசி வராதுங்க" என்பது பெரியம்மாவின் கட்சி. பெரியப்பா சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். மீதி அடுக்குகள் அப்படியே இருக்கும். முதலாளி அந்தக் காலத்தில் துடைப்பக்குச்சி மாதிரி இருப்பார், பாதி நாள் மதியம் சாப்பிடவே மறந்துபோவார்.

"வீணாப் போகுதேண்ணே" என்று முதல் நாள் ஒரு அடுக்கைத் திறந்தார். மறுநாள் மறக்காமல் கரண்டி கொண்டுவந்தார்.

மாதங்கள் போகப் போகப் பெரியப்பா கரைந்துகொண்டே வந்தார். முழங்கால்கள் சமாதானமாகின. அடுத்த வீட்டுக்காரர் புன்னகைத்தார். ஆனால் கடையில் பெரியப்பா நாற்காலியில் விழுந்தால் சத்தமே வரவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி வாங்க வந்த ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க உட்காருவீங்க சார். எங்க மச்சான் உட்காரணுமே!" என்று சொல்லிப் போயே போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரியப்பாவுக்குத் தூக்கம் இல்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம். பட்டறைக்குப் போய், கதவுக்குப் போடும் இரும்புக் கீல்களை எடுத்துக் கால்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு பெரிய தாழ்ப்பாள். அதைப் பார்த்த தச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"யோவ் எடைக்கல்லு, என்னய்யா இது? கடையைக் கொள்ளையடிச்சிட்டுக் கிளம்புறியா?"

"சும்மா இருய்யா. எடை போடுறேன்."

வந்திருந்த கணவன் மனைவி முன்னால் போய்ப் பெரியப்பா பழைய தோரணையில் நாற்காலியில் விழுந்தார். கலகலவென்று ஓர் ஓசை.

"என்னங்க, நாற்காலி இந்தச் சத்தம் போடுது?" என்றாள் மனைவி.

"அது நாற்காலி இல்லம்மா, நான்தான்" என்று பெரியப்பா அவசரமாக எழுந்தார். கால்சட்டையோ பழைய அளவு. பைகளிலோ இரும்பு. அவர் எழுந்தார், அது எழவில்லை. நான் விலைச்சீட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கணவனும் மனைவியும் ஒரு ஸ்டூல்கூட வாங்காமல் போனார்கள்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அண்ணே, கொஞ்ச நாள் நீங்க முன்பக்கம் வர வேணாம். பட்டறையில திருகாணி பிரிச்சுக் குடுங்க" என்று மென்மையாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கையில் பெரியப்பாவின் மூன்றாவது அடுக்கு இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்த பெரியப்பா பழைய பெரிய தட்டை எடுத்தார். அடுக்காக ரொட்டி, ஒரு செம்புத் தண்ணீர். மெல்லாமல் விழுங்கினார். தும்மல் வந்தது. காதில் வாங்கவில்லை. இன்னொரு வாய். அடுத்த நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும்வரை பெரியம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தொலைபேசியில் வந்த ஆலோசகர் வலி எப்படி, எங்கே என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டார். மறுபடி வலித்தால் உடனே கிளம்பி வரச் சொன்னார். கடைசியில், "சார், உங்க வயிறு உங்க கடைக்கு வேலை பாக்காது. உங்களுக்குத்தான் பாக்கும்" என்றார்.

பெரியப்பா மறுபடி சின்னக் கிண்ணத்துக்குத் திரும்பினார். பட்டறையில் மரத்தூள் பறக்கும். முட்டைமேல் படியும், தும்மல் வேறு வரும், எந்தத் தும்மல் என்று அவருக்கே தெரியாது. எனவே ஒரு மதியம், முதலாளி அடுக்குகளோடு மும்முரமாக இருந்த நேரம் பார்த்து, கிண்ணத்தோடு நழுவி முன்பக்கக் கண்ணாடிச் சன்னலுக்கு வந்தார். அங்கே இரண்டு சாய்வு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதவை. அவற்றின் விலைச்சீட்டு மஞ்சளாகிப்போனதால் நானே ஒருமுறை புதிதாக எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்றில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, பெரியப்பா மீனை மெல்ல ஆரம்பித்தார்.

தெருவில் போன ஓர் அம்மாள் அவரைப் பார்த்தார். எதிர் மருந்துக்கடையில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பினார். பெரியப்பா அதே நாற்காலியில், அதே நிலையில், மென்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் உள்ளே வந்தார்.

"ஏன் சார், இவ்வளவு நேரமா அசையாம உட்கார்ந்திருக்கீங்களே! அப்படி என்ன இருக்கு இந்த நாற்காலியில?"

பெரியப்பா வாயில் மீன். விரலைத் தூக்கினார்: இரு.

அந்த அம்மாள் சிறிது நேரம் நின்றார். பிறகு நிற்பானேன் என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார். முதுகைச் சாய்த்தார். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். பெரியப்பா ஒருவழியாக விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அந்த அம்மாள் கையமர்த்தினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். ரெண்டையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

பெரியப்பா தும்மினார். கிண்ணத்தை மூடினார்.

அதன்பிறகு அவர் சாப்பிடும் இடம் கண்ணாடிச் சன்னல்தான். ஆலோசகர் சொன்னபடி ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு தடவைக்கும் முதலாளி ஒரு புது நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார். பழைய காலத்தில் நாற்காலி உடையாது என்றுதான் பெரியப்பாவால் காட்ட முடிந்தது. இப்போது எழுந்திருக்கவே மனம் வராது என்று ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டினார்.

உறுதியைக் காட்டவும் ஆள் தேவைப்படத்தானே செய்யும்? தேவைப்பட்டது. ஆனால் அதற்குள் நாலு அடுக்கும் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க, முதலாளி பழக்கத்தில் உள்பக்கம் திரும்பினார். பிறகு தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். பெருமூச்சு விட்டு, நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"எடைக்கல்லு கைமாறிடுச்சு டோய்!" என்று பட்டறையிலிருந்து தச்சரின் குரல் கேட்டது.

போன வாரம் நான் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது, முதலாளி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சன்னல் பக்கம் வந்தார். யாரும் கேட்கிறார்களா என்று சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அந்த டாக்டரோட நம்பர் இருக்கா?"

பெரியப்பா வாயில் முட்டை. விரலைத் தூக்கினார். முதலாளி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். நாற்காலி கிறீச்சென்றது.